பரிசு பெற்ற படங்களும் அவை வராத ஊரும்

1983ஆம் ஆண்டு ஹந்தானை மலைச்சரிவில் ஓர் இந்தியக் கிராமம் முளைத்தது. சினிமாவுக்காகப் போடப்பட்ட கிராமம். ஸ்டீவன் ஸ்பீல்பேர்க் தன் 'இந்தியானா ஜோன்ஸ்' வரிசையின் இரண்டாவது படத்தை இந்தியாவில் எடுக்கத்தான் முதலில் நினைத்திருந்தார். கதையை மாற்றச் சொல்லி இந்திய அரசு கேட்டது. படக்குழு கண்டிக்கு வந்துவிட்டது. அந்த 'இந்திய' ஊர்ச் சனங்கள் படத்தில் பேசுவது சிங்களம். ஊர்ப் பூசாரியாக நடித்த டி. ஆர். நாணயக்காரவுக்கு ஆங்கிலம் தெரியாது. கமராவுக்கு இந்தப் பக்கம் இருந்து ஸ்பீல்பேர்க் சொல்லச் சொல்ல, அவர் அப்படியே திருப்பிச் சொன்னார். கதாநாயகன் வெட்டிவிடும் தொங்குபாலத்தைக் கட்ட, அப்போது விக்டோரியா அணையைக் கட்டிக்கொண்டிருந்த பொறியியலாளர்கள் கைகொடுத்தார்கள். 1985இல் அந்தப் படத்துக்குச் சிறந்த காட்சி விளைவுகளுக்கான ஒஸ்கார் கிடைத்தது.

கண்டிப் பிள்ளைகள் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம், தவறில்லை. ஆனால் ஒஸ்காரைத் திரைப்பட விழா என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. அமெரிக்கத் திரைப்படக் கழகத்தின் ஆயிரக்கணக்கான உறுப்பினர்கள், ஏற்கெனவே தியேட்டரில் ஓடிய படங்களுக்கு வாக்குப் போட்டுக் கொடுப்பது ஒஸ்கார். அந்த இரவில் மேடையில் படம் எதுவும் காட்டுவதில்லை. திரைப்பட விழா வேறு வகை. ஒரு நகரத்தில் பத்து, பன்னிரண்டு நாள் புதுப் படங்களைக் காட்டுகிறார்கள். வந்து குவியும் படங்களிலிருந்து சிலவற்றைத் தெரிவுக் குழு போட்டிக்கு எடுக்கிறது. நடிகர், இயக்குநர், எழுத்தாளர் என்று ஏழெட்டுப் பேர் கொண்ட நடுவர் குழு அவற்றைப் பார்த்துவிட்டு, ஓர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு விவாதித்து முடிவெடுக்கிறது. கேன்ஸ் விழாவின் பெரிய பரிசு தங்கப் பனையோலை, வெனிஸுக்குத் தங்கச் சிங்கம், பெர்லினுக்குத் தங்கக் கரடி, கோவாவில் நடக்கும் இந்திய விழாவுக்குத் தங்க மயில்.

பாடசாலைத் தமிழ்த்தினப் போட்டியோடு ஒப்பிட்டால் வித்தியாசம் சட்டென்று விளங்கும். அங்கே கோட்டம், வலயம், மாகாணம், அகில இலங்கை என்று படிப்படியாக ஏற வேண்டும். நடுவர் கையில் புள்ளித்தாள் இருக்கும். உச்சரிப்புக்கு இவ்வளவு, கருத்துக்கு இவ்வளவு என்று பிரித்திருக்கும். திரைப்பட விழாவில் படியும் இல்லை, புள்ளித்தாளும் இல்லை. பெர்லின் கைவிட்ட படத்தை வெனிஸ் தலையில் தூக்கி வைக்கலாம். போர்ப் படத்தையும் சிரிப்புப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது மேல் என்று கேட்டால் எந்தத் தராசும் பதில் சொல்லாது. அந்த ஆண்டு அந்த அறையில் இருந்த சிலருக்கு எது அதிகம் பிடித்தது என்பதே முடிவு. சிறுவர்களுக்கான பொது அறிவுப் புத்தகங்கள் இதைச் சொல்வதில்லை. பரிசின் பெயர், நாடு, ஆண்டு என்று அட்டவணை போட்டுவிட்டு நகர்ந்துவிடுகின்றன. 'உலகின் சிறந்த படம்' என்ற எண்ணம் பிள்ளைகள் மனதில் விழுவது அங்கேதான்.

அப்படியானால் இந்தப் பரிசுகளால் பயன் என்ன? பயன் உண்டு, அதுவும் சின்ன நாடுகளுக்கும் சின்னப் படங்களுக்கும்தான் அதிகம். இலங்கைச் சினிமாவின் கதையே அதற்குச் சாட்சி. 1947இல் வந்த முதல் சிங்களப் பேசும்படம் 'கடவுணு பொறொந்துவ'. அதைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர். படம் பிடித்த இடம் மதுரை ஸ்டூடியோ. பின்னும் பல ஆண்டுகள் சிங்களப் படங்கள் தென்னிந்திய அச்சில் வார்த்தவையாகவே வந்தன. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1956இல் 'ரேகாவ' படத்தின் கமராவை வெளியே, ஊருக்குள் கொண்டுபோனார். அடுத்த ஆண்டு அது கேன்ஸ் போட்டியில் இடம்பெற்றது. மார்ட்டின் விக்கிரமசிங்கவின் நாவலை வைத்து அவர் எடுத்த 'கம்பெரலிய' 1965இல், அப்போது டெல்லியில் நடந்த இந்திய விழாவில் தங்க மயிலைப் பெற்றது. இந்திய சர்வதேச விழா போட்டி முறைக்கு மாறிய முதல் ஆண்டு அது. நடுவர் குழுத் தலைவர் சத்யஜித் ராய். பாட்டும் சண்டையும் இல்லாத ஒரு கிராமத்துக் குடும்பத்தின் கதைக்கு, பக்கத்து நாட்டின் பெரிய கலைஞர் தலைமையில் இருந்த குழு தந்த பரிசு, இலங்கையில் வேறு மாதிரிப் படம் எடுக்க நினைத்த அத்தனை பேருக்கும் ஒரு துணிச்சலைக் கொடுத்தது.

சிறுவர் படங்களில் இதைவிட நல்ல உதாரணம் ஈரானில் இருக்கிறது. சிறுவர், இளையோருக்கான அரசு நிறுவனம் ஒன்று அப்பாஸ் கியரொஸ்தமியை வைத்து 1987இல் ஒரு படம் எடுத்தது. வகுப்புத் தோழனின் கொப்பியைத் தவறுதலாக வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்ட ஒரு பொடியன், அவன் வீட்டைத் தேடிப் பக்கத்து ஊருக்கு ஓடுகிறான். கதை அவ்வளவே. 1989இல் சுவிற்சர்லாந்தின் லொகார்னோ விழாவில் 'நண்பனின் வீடு எங்கே' வெண்கலச் சிறுத்தையைப் பெற்றது. அதற்குப் பிறகு ஈரானியச் சினிமாவை உலகமே தேடிப் பார்க்கத் தொடங்கியது. விளம்பரத்துக்குக் காசில்லாத படத்துக்கு அந்தச் சிறுத்தை விளம்பரமாக அமைந்தது. தமிழிலும் இப்படி ஒன்று நடந்தது. குடிகாரத் தகப்பனும் மகனும் வெயிலில் நடந்துகொண்டே இருக்கும் பி. எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021இல் ரொட்டர்டாம் விழாவில் புலி விருதை வென்றது. பெரிய நட்சத்திரம் ஒருவரும் இல்லாத அந்தப் படம், அந்த ஆண்டு இந்தியாவின் சார்பில் ஒஸ்காருக்கும் அனுப்பப்பட்டது.

குறைகளுக்கு வருவோம். முதலாவது பழைய குறை, அரசியல். உலகின் மிகப் பழைய விழாவான வெனிஸ் 1932இல் தொடங்கியது. 1938இல் அங்கே பெரிய பரிசு ஹிட்லரின் ஜெர்மனியைப் புகழும் ஒலிம்பிக் படத்துக்கும் முசோலினியின் இத்தாலியப் படம் ஒன்றுக்கும் போனது. பரிசின் பெயரே 'முசோலினிக் கிண்ணம்'. பிரான்ஸ் கோபித்துக்கொண்டு தனக்கென்று கேன்ஸில் ஒரு விழாவை ஏற்பாடு செய்தது. 1939 செப்டெம்பர் 1இல் தொடங்க வேண்டிய அந்த விழா, அதே நாளில் வெடித்த போரால் நின்றுபோய் 1946இல்தான் நடந்தது. விழாக்களுக்கு அரசியல் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது அல்ல. கேன்ஸ் பிறந்ததே அதனால்தான்.

இரண்டாவது குறை இலங்கைக்கு அருகில் இருப்பது. வெளியில் பரிசு வாங்கிய நம் படங்களைக் கொஞ்சம் வரிசைப்படுத்திப் பாருங்கள். பிரசன்ன விதானகேயின் 'புரஹந்த களுவர' போரில் இறந்ததாகச் சொல்லப்படும் மகனின் சவப்பெட்டியைப் பற்றியது. 2005இல் கேன்ஸில் அறிமுக இயக்குநருக்கான தங்கக் கமரா விருதைப் பகிர்ந்துகொண்ட விமுக்தி ஜயசுந்தரவின் 'சுலங்க எனு பிணிச' போர் ஓய்ந்த வெறும் நிலத்தைக் காட்டுவது. 2015இல் தங்கப் பனையோலை பெற்ற 'தீபன்' பிரெஞ்சுப் படம். ஆனால் எழுத்தாளர் ஷோபாசக்தி நடித்து, பெருமளவு தமிழிலேயே பேசப்படும் அகதிக் கதை. மூன்றும் நல்ல படங்கள்; அவற்றைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஏழை நாட்டிலிருந்து ஒரு படம் வந்தால் அதில் காயம் இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு மேற்கத்திய விழாக்களில் படிந்துவிட்டது. மலையகப் பிள்ளைகள் சிரித்து, குறும்பு செய்து, ஊரை ஏமாற்றும் ஒரு படத்துக்கு அங்கே என்ன இடம்? சென்னைக் குப்பத்துச் சிறுவர் இருவர் பீட்சாவுக்கு அலைந்த 'காக்கா முட்டை' 2014இல் ரொறன்ரோ விழாவரைக்கும் போனது. போகவே முடியாது என்று ஆகிவிடவில்லை, போவது அரிது.

மூன்றாவது குறை எல்லாவற்றிலும் பெரியது. பரிசு ஊருக்கு வருகிறது, படம் வருவதில்லை. 'புரஹந்த களுவர' வெளிநாட்டில் பரிசு வாங்கிய பிறகு 2000இல் உள்ளூரில் தடுக்கப்பட்டது. இயக்குநர் உயர் நீதிமன்றம் போய் 2001இல் தீர்ப்பு வாங்கித்தான் திரையிட்டார். 'சுலங்க எனு பிணிச' படைத்தரப்பின் கடுமையான கண்டனத்துக்கு ஆளாகித் தியேட்டரிலிருந்து இறங்கியது. கண்டித் தியேட்டர்களில் வழக்கமாக ஓடுவது சென்னை மசாலா, ஹொலிவுட் சாகசம், சிங்கள நகைச்சுவை. கேன்ஸ் செய்தி பத்திரிகையில் முன்பக்கம் வரும். படத்தைப் பார்க்க விரும்பும் பிள்ளை கைத்தொலைபேசியில் தேடிக் கண்டுபிடித்தால் உண்டு. கண்டுபிடித்தாலும் கீழே ஓடும் எழுத்து ஆங்கிலத்தில் இருக்கும்.

'பாரடைஸ்' இதற்கு நல்ல சோதனை. பிரசன்ன விதானகேயின் இந்தப் படம் 2023இல் தென்கொரியாவின் பூசான் விழாவில் கிம் ஜிசொக் விருதைப் பெற்றது. 2022 பொருளாதார நெருக்கடிக் காலத்தில் மலைநாட்டுக்கு வரும் ஒரு மலையாளத் தம்பதியின் பொருட்கள் திருட்டுப் போகின்றன. பொலிஸ் பிடித்துக்கொண்டு போவது தோட்டத்துத் தமிழ் இளைஞர்களை. அவர்களில் ஒருவர் காவலில் இறக்கிறார். கண்டியிலிருந்து சில மணித்தியாலப் பயணத்தில் நடக்கும் கதை. அந்த இளைஞர்களைப் பற்றிப் படம் மிகக் கொஞ்சமே சொல்கிறது. அவர்களைப் பற்றி யாருக்கும் அக்கறையில்லை என்பதே படத்தின் குற்றச்சாட்டு என்பதால் அது தெரிந்தே செய்தது, கூர்மையான முடிவு. ஆனாலும் தோட்டத்துப் பிள்ளை அதைப் பார்த்தால், தன் ஆட்கள் திரையில் வந்தும் பேசாமல் போனார்களே என்று கேட்பது நியாயம். வி. பி. கணேசன் 1975இலேயே 'புதிய காற்று' மூலம் தோட்ட வாழ்க்கையைத் திரைக்குக் கொண்டுவந்தார். அந்தத் தடத்தில் மலையகத்தவர் தாமே எடுத்துப் பெரிய விழா மேடைக்கு ஏறிய படத்தை இன்னும் தேட வேண்டியிருக்கிறது.

இடையில் ஓர் எச்சரிக்கை. இப்போது இணையத்தில் காசு கட்டிச் சேரும் 'சர்வதேச விழா'க்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. சில மாதாமாதம் பரிசு கொடுக்கும். தியேட்டரே இருக்காது, பார்வையாளரும் இருக்கமாட்டார்கள். குறும்படம் எடுத்த மாணவருக்கு இரண்டு லோரல் இலைக்கொத்துகளுக்கு நடுவே 'வெற்றியாளர்' என்று எழுதிய சின்னம் மின்னஞ்சலில் வந்து சேரும். படத்தை யார், எங்கே, எத்தனை பேரோடு உட்கார்ந்து பார்த்தார்கள் என்று விசாரித்தால் எந்த விழா எப்படிப்பட்டது என்பது தெரிந்துவிடும்.

பிள்ளைகளையே நடுவராக உட்கார வைக்கும் விழாக்களும் உண்டு. விழாப் பழக்கத்தின் மிகச் சிறந்த பகுதி அதுதான். இத்தாலியின் தெற்கே கிஃபோனி என்ற சின்ன ஊரில் 1971இல் தொடங்கிய விழாவில் பரிசை முடிவு செய்பவர்கள் சிறுவர்களே. பெர்லின் விழா 1978இல் சிறுவர் பிரிவைத் தொடங்கியது. அதன் கண்ணாடிக் கரடியை யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிப்பது 11 முதல் 14 வயதுப் பிள்ளைகள் குழு. இந்தியாவில் 'தங்க யானை' கொடுத்த சிறுவர் விழா நெடுங்காலம் ஹைதராபாத்தில் நடந்தது, அங்கேயும் சிறுவர் நடுவர் குழு இருந்தது. பெர்லின் பிள்ளைகள் தேர்ந்தெடுத்த படத்துக்கு ஏன் பரிசு என்று காரணமும் எழுதிக் கொடுக்கிறார்கள். பெரியவர்களின் குழுக்கள் பல, கதவைத் திறந்து பெயரை மட்டும் அறிவித்துவிட்டுப் போகும்.

கிஃபோனி தலைநகரம் அல்ல. கண்டியைவிடப் பல மடங்கு சின்ன ஊர். லொகார்னோவும் ஏரிக்கரையில் இருக்கும் சிறு நகரம். அதன் சதுக்கத்தில் இரவில் எட்டாயிரம் பேர் வெட்டவெளியில் உட்கார்ந்து படம் பார்க்கிறார்கள். (கண்டி ஏரிக்கரையில் அதைச் செய்தால் மழை விடாது என்பது வேறு விஷயம்.) யாழ்ப்பாணம் 2015 முதல் தனக்கென்று ஒரு சர்வதேசத் திரைப்பட விழாவை வைத்திருக்கிறது. கண்டியில் சிங்கள, தமிழ், முஸ்லிம் பாடசாலைகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன. காட்டில் ஒளிந்திருக்கும் தமிழ்ச் சிறுமிக்கும் சிங்களச் சிறுமிக்கும் இடையிலான நட்பைச் சொன்ன சோமரத்ன திசாநாயக்கவின் 'சரோஜா' போன்ற ஒரு படத்தை மூன்று பாடசாலைப் பிள்ளைகளும் ஒரே மண்டபத்தில் பார்த்து, தனித்தனி முடிவோடு வெளியே வந்தால் விவாதம் சூடுபிடிக்கும். பரிசு யாருக்கு என்பதில் அவர்கள் ஒத்துப்போகாமல் போனால் இன்னும் நல்லது.

அதற்கும் தடைகள் கண்முன்னே இருக்கின்றன. புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர்தரம் என்று பரீட்சைக் கலண்டர் பிள்ளைகளின் ஆண்டைப் பங்குபோட்டு வைத்திருக்கிறது. ஒரு படத்துக்குத் தமிழிலும் சிங்களத்திலும் கீழெழுத்துப் போட ஆள் வேண்டும், காசு வேண்டும், விநியோக உரிமைக்கும் தனியாகக் கட்ட வேண்டும். இன்னொன்று, கிஃபோனியும் பெர்லினும்கூடத் தீர்க்காதது: நடுவர்கள் சிறுவர்களாக இருந்தாலும், எந்தப் படங்களை அவர்கள் முன் வைப்பது என்று முதலில் தெரிவு செய்பவர்கள் அங்கேயும் பெரியவர்கள்தான்.