கதைசொல்லியும் தனி நடிகரும்: தூத்துக்குடிக் கரையிலும் ஈழத்திலும் ஓராள் அரங்கு

சிறுகதையொன்றை ஒரே நடிகர் தாங்கி, ஊர் ஊராகக் கொண்டு சென்று நிகழ்த்தும் முறை தமிழ்நாட்டில் ஓராள் நாடகம் எனப்படுகிறது. துணை நடிகர் இன்றி ஒருவரே ஒரு பாத்திரமாக நின்று நடிக்கும் முறை இலங்கைத் தமிழரிடையே தனி நடிப்பு என வழங்குகிறது. இவற்றை ஒரே கலையின் இரு பெயர்களாகக் கொள்வது பொருந்தாது. நடந்ததை எடுத்துரைக்கும் ஆசிரியர் குரலை நடிகர் மேடையில் வைத்துக்கொள்கிறாரா, விட்டுவிடுகிறாரா என்பதில் இரண்டும் பிரிகின்றன. ஏனைய வேறுபாடுகள் பலவும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

தூத்துக்குடி மாவட்டம் இவ்வொப்பீட்டுக்கு உரிய களமாகும். அதன் கரிசல் பகுதியில், கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் (கி.ரா.), வாயால் சொல்லும் கதையின் நடையையே எழுத்தின் நடையாக்கிக் காட்டினார். அம்மன், சுடலைமாடன் கோயில்களில் ஊரார் வரி பிரித்து எடுக்கும் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டு இன்றும் நிகழ்கிறது. வில், உடுக்கை, குடம் ஆகியவற்றோடு பலர் அமர்ந்திருந்தாலும் கதையை நடத்துபவர் ஒருவரே. அவர் பாடுவார், உரைநடையில் விளக்குவார், பாத்திரமாகச் சில வரி பேசுவார், பேசி முடித்த கணமே கதைசொல்பவராகத் திரும்புவார். பின்பாட்டுக்காரர் ‘ஆமா’ என்று ஏற்பது கேட்போரின் சார்பில் எழும் குரலாகும். பாத்திரத்துக்குள் புகுந்து வெளியேறும் இந்தப் பழக்கமே தென்தமிழ்நாட்டில் கதையை மேடையேற்றுவோருக்கு அடிநிலமாக இருக்கிறது.

திருவண்ணாமலையைச் சேர்ந்த பவா செல்லதுரை பிறர் எழுதிய கதைகளை ஒப்பனையோ மேடைப்பொருளோ இல்லாமல் ஊர்தோறும் சொல்லிவருவது இவ்வழக்கின் மிக எளிய வடிவம். சென்னையின் பெர்ச் குழு, ராஜீவ் கிருஷ்ணன் இயக்கத்தில், கி.ரா.வின் கதைகளைக் கொண்டு அமைத்த ‘கிரா குழம்பு’ பல நடிகர் பங்கேற்கும் நாடகமேயாயினும், அதிலும் சொல்லுதலே நடிப்பைச் சுமக்கிறது. வடக்கே நசீருதீன் ஷாவின் மோட்லி குழு, இஸ்மத் சுக்தாயின் மூன்று உருதுக் கதைகளைக் கதைக்கு ஒரு நடிகராக நிகழ்த்திய ‘இஸ்மத் ஆபா கே நாம்’ என்னும் அரங்கிலும், ஆசிரியரின் எடுத்துரைப்பு நீக்கப்படாமல் நடிகரின் வாயிலேயே வைக்கப்பட்டது.

இலங்கையில் தனி நடிப்பு வேறு நிலத்தில் வளர்ந்தது. முதலாவது, வானொலி. ஈழத்துச் சிறுகதை முன்னோடிகளுள் ஒருவரான இலங்கையர்கோன், ‘விதானையார் வீட்டில்’ போன்ற வானொலி நாடகங்களை யாழ்ப்பாணப் பேச்சுமொழியில் எழுதியபோது, கதையாசிரியரே தம் எடுத்துரைப்பைத் துறந்து முழுவதையும் உரையாடலாக்க நேர்ந்தது. இரண்டாவது, பள்ளி. நாடகமும் அரங்கியலும் அங்கே பொதுத் தேர்வுக்குரிய பாடம்; தமிழ்த் தினப் போட்டிகளில் தனி நடிப்பு ஒரு போட்டிப் பிரிவு. குறுகிய நேரத்தில் ஒரு பாத்திரத்தை முழுதாக எழுப்பிக் காட்ட வேண்டிய மாணவருக்குக் கதைசொல்லியாக விலகி நிற்க இடமில்லை.

இவ்வழக்கின் சிகரம் கே. எஸ். பாலச்சந்திரனின் நகைச்சுவைத் தனி நடிப்பான ‘அண்ணை றைற்’. வண்டியை எடுக்கலாம் என்று நடத்துநர் ஓட்டுநருக்குக் கொடுக்கும் குரலே அதன் தலைப்பு. யாழ்ப்பாணப் பேருந்தொன்றின் நடத்துநராக நிற்கும் ஒரே நடிகர், கண்ணுக்குத் தெரியாத பயணிகளை அதட்டியும் இணங்கியும் பேசுகிறார். அவர்கள் கூறும் மறுமொழி கேட்பதில்லை, ஆயினும் அது இன்னதென்று நடிகரின் அடுத்த சொல்லிலிருந்து தெரிந்துவிடுகிறது. பார்வையாளர் கதை கேட்பவராக இருந்த நிலை மாறி, நெரிசலில் நிற்கும் பயணியாகிறார். வில்லுப்பாட்டில் ‘ஆமா’ எனும் குரலுக்கு உள்ள இடத்தை இங்கே மௌனம் நிரப்புகிறது. தமிழ் அரங்கின் அரிய சாதனைகளுள் ஒன்றாக இதனை மதிப்பது மிகையாகாது.

கி.ரா.வின் ‘கதவு’ கதையை இரு முறைகளிலும் வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகும். தீர்வை பாக்கிக்காக ஓர் ஏழை வீட்டின் கதவைக் கழற்றிச் செல்கிறார்கள். அக்கதவில் ஏறி ஆடி விளையாடிய குழந்தைகள் பின்னர் அதனைச் சாவடியருகே கண்டு கட்டிக்கொள்கிறார்கள். கதைசொல்லி இதனை நிகழ்த்தினால், பிள்ளைகளின் களிப்பும் ஊராரின் இறுக்கமும் தாயின் இழப்பும் ஒரே குரலின் அடுத்தடுத்த வாக்கியங்களில் வந்து நிற்கும். இரக்கத்தை வெளிப்படக் கூறாத கி.ரா.வின் அளவான சொல்லும் காக்கப்படும். தனி நடிகர் எடுத்தால் தாயாகவோ தலையாரியாகவோ ஒருவராக மட்டுமே நிற்க வேண்டும். கதையின் அகலம் சுருங்கும், ஆனால் கதவில்லாத வாசலில் நின்று பேசும் தாயின் ஆற்றாமை எந்த எடுத்துரைப்பும் தராத நெருக்கத்தோடு எழும். சிறுகதைக்கு முதல் முறையே உண்மையாக இருக்கிறது. ஏனெனில் பல சிறுகதைகளின் உயிர் நிகழ்ச்சியைவிட அதனைச் சொல்லும் குரலில்தான் தங்கியிருக்கிறது.

எனினும் ஈழத்தில் தனிக்குரல் பெரிதும் நகைச்சுவையோடு பிணைந்ததற்குக் கலைக்காரணம் மட்டுமன்றி வரலாற்றுக் காரணமும் உண்டு. போர்க்காலத் துயரம், குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி 1985இல் மேடையேறிய ‘மண் சுமந்த மேனியர்’ போன்ற நாடகங்களில் கூட்டுக்குரலாகவே ஒலித்தது; ஊரே இழந்ததை ஒருவர் வாயில் வைக்க அக்கால அரங்கு விரும்பவில்லை. தமிழ்நாட்டிலோ கனத்த இலக்கியத்தைத் தனியொருவர் சுமப்பது இயல்பாயிற்று.

இவ்விரு வழக்குகளும் சந்திக்கத் தக்க இடம் தூத்துக்குடி. மாவட்டத்தின் காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்கள் கடல் கடந்து யாழ்ப்பாணத்தில் இசை நாடகமாக வேரூன்றின, வ. உ. சிதம்பரனார் 1906இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் நிறுவனம் இயங்கியதும் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையில்தான். 2011 ஜூனில் மீண்டும் தொடங்கிய பயணிகள் கப்பல் சில மாதங்களிலேயே நின்றுபோனது பெருங்குழுக்களின் பயணத்துக்கு இழப்பே. ஒரு பையோடு புறப்படும் ஒற்றை நடிகருக்கு அது அத்தனை தடையன்று, மொழியும் தடையாகாது. பல்லாண்டுகள் இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்த இக்கரைக்கு யாழ்ப்பாணப் பேச்சு அயலானதன்று. வாடை, கொண்டல், சோழகம் என்னும் காற்றின் பெயர்களும் இரு கரை மீனவர்க்கும் பொதுவானவை. பரதவர் வாழ்வைக் ‘கொற்கை’ நாவலில் ஜோ டி குருஸும், நெடுந்தீவுக் கடற்கரையை ‘வாடைக்காற்று’ நாவலில் செங்கை ஆழியானும் எழுதியிருக்கின்றனர். இக்கடற்புற எழுத்துகளைப் பேச்சுவழக்கு மாறாமல் மேடைக்குக் கொணரும் நடிகர், காற்றும் கடலும் வரும் பகுதிகளைக் கதைசொல்லியாகவும், படகில் தனித்திருப்பவனின் பேச்சைத் தனி நடிகராகவும் நிகழ்த்த வேண்டியிருக்கும். அதற்கு இரு கரைகளின் பயிற்சியும் அவருக்குத் தேவைப்படும்.