இடமும் மிச்சம், தரவும் பத்திரமா?



பெரிய நிறுவனங்களுக்கான தரவுச் சேமிப்புக் கருவிகளின் விளம்பரக் கையேட்டைப் படித்திருக்கிறீர்களா? அதில் இரண்டு வாக்குறுதிகள் அருகருகே நிற்கும். ஒன்று, இடம் மிச்சமாகும். இன்னொன்று, பேரிடர் வந்தாலும் தரவை மீட்கலாம். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் முதலாவது நகலைக் குறைக்கும் வேலை. இரண்டாவது நகலைப் பெருக்கும் வேலை. இரண்டையும் ஒன்றாகச் சொல்லும்போது நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். 'டீடூப்ளிகேஷன்' என்ற வசதி நகல் நீக்கம் செய்கிறது. ஒரே சுற்றறிக்கையை 40 ஆசிரியர்கள் தத்தம் கோப்புறையில் சேமித்தால், கருவி ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளும். மற்ற 39 இடங்களில் 'அங்கே பார்' என்ற குறிப்புதான் இருக்கும். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் அந்த ஒன்று பழுதானால் 40 பேருக்கும் பழுது.

'5:1' என்ற விகிதத்தையும் அப்படியே நம்பிவிடாதீங்க. 10 டெராபைட் இடத்தில் 50 டெராபைட் தரவு அடங்கும் என்பது அதன் பொருள். ஒரே மாதிரியான கோப்புகள் நிறைய இருந்தால் அது நடக்கும். படங்களும் காணொளிகளும் பெரும்பாலும் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. அவை மேலும் அதிகம் சுருங்கா. ஆகவே விகிதத்தைத் தீர்மானிப்பது கருவி மட்டுமல்ல, நம் தரவும்தான்.

அடுத்து, மீட்பு. 'ஸ்னாப்ஷாட்' என்பது ஒரு நொடியில் தரவு இருந்த நிலையைப் பதிந்து வைப்பது. தவறுதலாக அழித்த கோப்பைச் சில நிமிடங்களில் திரும்பப் பெறலாம். ஆனால் அது அதே கருவிக்குள் இருந்தால், தீ பிடிக்கும்போது இரண்டும் சேர்ந்தே போகும். 'ரெப்ளிகேஷன்' தரவை வேறோர் ஊருக்கு உடனுக்குடன் அனுப்பும். தீயிலிருந்து காக்கும், சரி. நாம் தவறுதலாக அழித்தால்? அந்த அழிப்பும் உடனே அங்கே போய்ச் சேரும்!

இது வெறும் கற்பனையில்லை. 2025 செப்டம்பர் 26-இல் தென்கொரியாவின் டேஜான் நகரிலுள்ள அரசுத் தரவு மையத்தில் தீ பிடித்தது. அரசு ஊழியர்கள் பணிக் கோப்புகளைச் சேமித்த 'ஜி-டிரைவ்' அதில் அழிந்தது. அதிலிருந்த தரவு 858 டெராபைட். வெளியே காப்பு நகல் இல்லை. தரவின் அளவு மிகப் பெரியது என்பதே சொல்லப்பட்ட காரணம். கவனித்தீர்களா? இடப் பிரச்சினைதான் அங்கே மீட்பைத் தோற்கடித்தது.

அப்படியென்றால் புதிய வசதிகள் வீணா? இல்லவே இல்லை. நகல் நீக்கிய தரவு சிறியது. அதைத் தொலைதூரத்துக்கு அனுப்பும் செலவும் குறைவு. மிச்சமான இடத்தை இன்னொரு நகலுக்குச் செலவிட்டால், இரண்டு வாக்குறுதிகளும் கைகோக்கும். மிச்சம் பிடித்ததோடு நின்றுவிட்டால்தான் ஆபத்து.

மாணவர்களே, தேர்வில் இத்தலைப்பு வந்தால் வசதிகளைப் பட்டியலிடுவதோடு நிறுத்தாதீர்கள். மூன்று கேள்விகளை எழுப்புங்கள்: எத்தனை நகல்? அவை எங்கெங்கே? மீட்டுப் பார்த்தது எப்போது? மூன்றாவதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். 2017 ஜனவரியில் கிட்லேப் நிறுவனத்தில் தரவுத்தளம் தவறுதலாக அழிக்கப்பட்டது. பல காப்பு முறைகள் இருந்தும், தேவைப்பட்ட நேரத்தில் அவற்றில் பெரும்பாலானவை கைகொடுக்கவில்லை. ஏறத்தாழ ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான்.

ஆசிரியர்களே, உங்கள் மதிப்பெண் பட்டியலும் மாணவர் இடுபணிகளும் இப்போது எங்கே இருக்கின்றன? இன்றே ஒரு கோப்பைக் காப்பு நகலிலிருந்து திறந்து பாருங்க. திறந்தால் நிம்மதி. திறக்காவிட்டால், தேர்வுக்கு முன்பே தெரிந்ததே என்று மகிழுங்கள்.