அரை பவுண்டு காற்று

கொச்சி வைட்டிலா சந்திப்பை ஒட்டிய பெட்ரோல் பங்க் ஒன்றில் பைக்கை நிறுத்தி, பின் டயருக்கு அஞ்சு பவுண்டு போதும் என்று சொன்னால், காற்றடிப்பவர் அதை முப்பத்தஞ்சு என்றுதான் காதில் வாங்கிக்கொள்வார். அவரைக் குறை சொல்ல முடியாது. மேம்பாலத்தின் மேலும் கீழும் ஆளையும் சாமானையும் ஏற்றி ஓடும் வண்டிகளுக்கு அஞ்சு பவுண்டு என்றால் பஞ்சர். டிரையல்ஸ் என்ற பைக் விளையாட்டின் வண்டிக்கு அதுதான் முழுச் சாப்பாடு. பின் டயருக்கு நாலு முதல் ஐந்து, முன் டயருக்கு ஆறு அல்லது ஏழு. இந்த விளையாட்டின் ருசி முழுக்க அந்தச் சின்ன எண்களுக்குள் ஒளிந்திருக்கிறது.

வேகத்துக்கு இங்கே மதிப்பில்லை. பாறை, ஓடை, வேர், ஈரச் சரிவு எல்லாவற்றையும் கால் ஊன்றாமல் கடக்க வேண்டும். ஒருமுறை ஊன்றினால் ஒரு புள்ளி, இரண்டுமுறைக்கு இரண்டு, அதற்கு மேல் எத்தனை முறை ஊன்றினாலும் மூன்று, விழுந்தால் ஐந்து. குறைந்த புள்ளிக்காரரே ஜெயித்தவர். வண்டியின் எடை எழுபது கிலோவை ஒட்டித்தான் இருக்கும், உட்காரவும் இடமில்லை. சேற்றுப் பந்தய டயர்களில் துருத்திக்கொண்டிருக்கும் உயரமான கட்டைகள் இதன் டயரில் கிடையாது. கட்டைகள் குட்டையாக, நெருக்கமாக இருக்கும். பிடிப்பு வருவது கட்டையிலிருந்து இல்லை. மெத்தென்ற ரப்பர் கல்லின் மேல் படிந்து, அதன் மேடுபள்ளத்தைக் கவ்விக்கொள்வதிலிருந்து.

கணக்கு எளிது. காற்றின் பவுண்டு என்பது ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற கணக்கு. வண்டியும் ஆளுமாகப் பின் சக்கரத்தில் 85 கிலோ இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். காற்று மட்டுமே அதைத் தாங்குவதானால், முப்பது பவுண்டில் ஆறு சதுர அங்குல ரப்பர் தரையைத் தொட்டால் போதும். ஐந்து பவுண்டில் முப்பத்தேழு சதுர அங்குலம் தொட்டாக வேண்டும். டயரின் உடம்பும் கொஞ்சம் சுமப்பதால் உண்மையில் அவ்வளவு வராது, ஆனாலும் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். அப்படியானால் மூன்று பவுண்டு வைத்தால் இன்னும் நல்லதுதானே? இல்லை. குறுக்குச் சரிவில் டயரின் பக்கச்சுவர் மடங்கி வண்டி கீழ்ப்பக்கம் நழுவும். கூர்மையான கல்விளிம்பில் மோதினால் ரிம் நெளியும். நாலரையில் கிடைக்கும் பிடிப்பு நாலில் கூடுகிறது. நாலில் இருக்கும் நிதானம் மூன்றரையில் காணாமல் போகிறது. சாலை வண்டிக்காரருக்கு அரை பவுண்டு என்பது காற்றழுத்த மானியின் முள் நடுக்கம். இங்கே அது மொத்தக் காற்றில் பத்தில் ஒரு பங்கு. அறுபது வரை காட்டும் சாதாரண மானியின் அடிக்கோடுகளை நம்ப முடியாது என்பதால்தான் பதினைந்தோடு முடியும் தனி மானியைப் பையில் வைத்திருக்கிறார்கள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம், இந்த டயர் உயரத்தையும் வெயிலையும் உணர்கிற விதம். வைட்டிலாவுக்குத் தெற்கே குண்டன்னூரில் புறப்படும் தனுஷ்கோடி நெடுஞ்சாலையில் மூணாறு வரை போவதாக எண்ணிக்கொள்ளுங்கள். கடல் மட்டத்தில், 32 டிகிரி வெயிலில், சாலை வண்டிக்கு முப்பதும் டிரையல்ஸ் டயருக்கு ஐந்தும் அடித்துக்கொள்கிறோம். மூணாறு சுமார் 1,500 மீட்டர் உயரம். குளிர் 18 டிகிரி என்று கொள்வோம். மேலே வெளிக்காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 2.4 பவுண்டு குறைவு. அதனால் மானி கூடக் காட்டும். குளிரோ டயருக்குள் இருக்கும் காற்றைச் சுருக்கும். சாலை டயரில் இந்த இரண்டும் ஒன்றையொன்று அநேகமாகச் சரிக்கட்டி, முப்பது முப்பதாகவே நிற்கிறது. டிரையல்ஸ் டயரில் காற்று குறைவு என்பதால் குளிர் குறைப்பதும் குறைவு; ஐந்து ஆறரை ஆகிவிடுகிறது. நேரியமங்கலம் தாண்டி மலை ஏறும்போது டயருக்குள் ஒரு மூலக்கூறுகூடக் கூடவில்லை. ஆனால் பாறையில் படிய வேண்டிய டயர் பாறையிலிருந்து துள்ளும். மேலே ஐந்து வைத்துவிட்டு அப்படியே கொச்சிக்கு இறங்கினால் மூன்றரைக்கும் கீழே. கறுப்பு டயரை ஒரு மணி நேரம் வெயிலில் நிறுத்தினாலே ஒரு பவுண்டு ஏறிவிடலாம். அதனால் காற்றைச் சரிபார்க்கும் இடம் வீடு அல்ல, பாறைக்குப் பக்கத்து நிழல்.

நம் ஊர் புல்லட்டுக்கும் இந்த விளையாட்டில் பூர்வ உரிமை உண்டு. டிரையல்ஸ் வீரர் ஜானி பிரிட்டன் 1952-இலும் 1957-இலும் ஸ்காட்டிஷ் சிக்ஸ் டேஸ் டிரையலை ராயல் என்ஃபீல்டு வண்டியில் ஜெயித்தார். அந்தக் காலத்து டயருக்குள் டியூப் இருந்தது. காற்றைக் குறைத்தால் டயர் ரிம்மின் மேல் நகர்ந்து டியூபின் வால்வைப் பிய்த்துவிடும் என்பதால், டயரை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கத் தனி போல்ட்டுகள் போட்டார்கள். டியூப் இல்லாத ரேடியல் டயர் 1980-களில் இந்த விளையாட்டுக்கு வந்தபிறகு பின் சக்கரத்துக்கு அந்தத் தொல்லை ஒழிந்தது. ஜானி பிரிட்டனின் அந்தப் பழைய பெருமையைச் சொல்லித்தான் 2019-இல் புல்லட் டிரையல்ஸ் விற்பனைக்கு வந்தது. அழகான வண்டிதான். ஆனால் எடை ஏறக்குறைய 190 கிலோ. அதில் போய் ஐந்து பவுண்டு வைத்தால் முதல் கல்லிலேயே டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கிக் கிழியும். எண்ணைக் கடன் வாங்கக் கூடாது. வண்டியின் எடையும் டயரின் உடம்பும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன.

தேர்ந்தவர்கள் மானியில் ஐந்தரைக்கு வைத்து, முதலில் ஒரு குறுக்குச் சரிவில் மெல்ல ஓட்டிப் பார்க்கிறார்கள். பிறகு வால்வில் நகத்தை வைத்து ஒரு மூச்சு விடுகிறார்கள். மறுபடி சரிவு, மறுபடி ஒரு மூச்சு. பின்பக்கம் லேசாக நெளிகிறதென்று இடுப்பில் தெரிந்த உடன் நிறுத்திக் கைப்பம்பால் கால் பவுண்டு ஏற்றுகிறார்கள். பாசி படிந்த ஆற்றுப் பாறைக்கு அதிலிருந்து இன்னும் ஒரு இழை குறைக்கலாம். வெட்டுக்கல் குவாரியின் கூர் விளிம்புகளுக்கு ஒரு இழை கூட்டியே வைப்பேன் நான். பிடிப்பு போனால் ஒரு புள்ளி, ரிம் போனால் அன்றைய ஆட்டமே போய்விடும்.