ஒன்பது டாலரும் ஒரு ஜோடி காதும்

ஆடியோ கருவிகளின் விமரிசனங்களைப் படித்திருக்கிறீர்களா? பட்டுப்புடவை விளம்பரத்துக்கும் சமையல் குறிப்புக்கும் நடுவே ஒரு நடை. பாஸ் வெல்வெட் மாதிரி இருக்கிறதாம். குரலில் தேன் வழிகிறதாம். பாடகிக்கு முன்னால் தொங்கிய திரை விலகிவிட்டதாம். இத்தனை வர்ணனையும் டி.ஏ.சி. என்கிற ஒரு குட்டிப் பெட்டியைப் பற்றி!

டி.ஏ.சி. என்றால் டிஜிட்டல் டு அனலாக் கன்வர்ட்டர். கம்ப்யூட்டருக்குள் பாட்டு என்பது வெறும் எண்கள். அதை மின்னலையாக மாற்றித் தருவது இதன் வேலை. லேப்டாப்பில் ஹெட்போன் துளை இருந்தால், உள்ளே ஒரு டி.ஏ.சி. ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. அப்புறம் எதுக்கு சார் வெளியே இன்னொன்று?

நியாயமான காரணங்கள் உண்டு. மவுஸை நகர்த்தினால் காதில் 'கிர்ர்' என்கிறதா? உள்ளே இருக்கும் மின்சார இரைச்சல் பாட்டில் கலக்கிறது. வெளியே வைத்த டி.ஏ.சி. பெரும்பாலும் அதைத் தீர்த்துவிடும். துளையே இல்லாத லேப்டாப் என்றாலும் வேறு வழியில்லை. இரண்டும் இல்லையென்றால் பர்ஸை மூடி வைக்கலாம்.

ஆனால் விமரிசனங்கள் மூட விடுவதில்லை. 32 பிட், 768 கிலோஹெர்ட்ஸ் என்று மிரட்டுகின்றன. 1982-ல் வந்த சி.டி.க்கு 16 பிட், விநாடிக்கு 44,100 மாதிரிகள். இதிலேயே 20,000 ஹெர்ட்ஸ் வரை பதிவாகிவிடும். நல்ல இளம் காதுக்கே அதுதான் எல்லை. நாற்பதைத் தாண்டிய என் வயசுக்காரர்களுக்கு அதற்கு முன்பே கதவு சாத்தியாகிவிட்டது.

2007-ல் மேயர், மோரன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் ஒரு சோதனை வெளியிட்டார்கள். உயர்தரப் பதிவையும், அதையே சி.டி. தரத்துக்கு இறக்கியதையும் மாற்றி மாற்றிப் போட்டு, எது எது என்று கேட்டார்கள். ஐந்நூற்றுச் சொச்சம் முயற்சிகளில் ஏறக்குறைய சரிபாதிதான் சரி. காசைச் சுண்டியிருந்தாலும் அதே பதில்தான் வந்திருக்கும். 2016-ல் லண்டன் பேராசிரியர் ஜோஷுவா ரைஸ் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார். வித்தியாசம் தெரிகிறது என்றார். எவ்வளவு? நூற்றுக்கு 52 தடவை சரியாகச் சொல்கிறார்கள். அந்த இரண்டு தடவைக்காகவா ஒரு மாசச் சம்பளம்?

ஆப்பிள் கம்பெனி 2018-ல் ஒரு யூ.எஸ்.பி.-சி அடாப்டரை 9 டாலருக்கு விற்க ஆரம்பித்தது. குட்டி வால். அதற்குள் ஒரு முழு டி.ஏ.சி. கருவி வைத்து அளந்தவர்கள், சி.டி. தரத்துக்குக் குறையில்லை என்கிறார்கள். ஒரே எச்சரிக்கை: அமெரிக்காவில் விற்பது சுமார் 1 வோல்ட் தரும், ஐரோப்பாவில் விற்பது அதில் பாதிதான். சென்ஹைசர் எச்.டி. 600 மாதிரி 300 ஓம் ஹெட்போனுக்கு சத்தம் போதாமல் போகலாம். அதற்கு வேண்டியது நல்ல ஆம்ப்ளிஃபயர், விலை உயர்ந்த டி.ஏ.சி. அல்ல. விமரிசனங்கள் பல இந்த இரண்டையும் வசதியாகக் குழப்பிவிடுகின்றன.

இந்த எழுத்தின் பெரிய ஓட்டை, பெட்டியின் விலை தெரிந்துகொண்டே கேட்பது. கொஞ்சம் கூடுதல் சத்தத்தில் ஒலிப்பதை நம் காது 'தரம்' என்று நினைத்துக்கொள்ளும். விலைச்சீட்டு மிச்சத்தைச் செய்யும். நீங்களே சோதிக்கலாம். இரண்டு கருவிகளின் சத்தத்தையும் மீட்டர் வைத்துச் சமமாக்குங்கள். நீங்கள் பார்க்காதபோது நண்பர் மாற்றி மாற்றிப் போடட்டும். பத்துக்கு ஒன்பது சரியாகச் சொன்னால் தாராளமாக வாங்குங்கள். குருட்டு அதிர்ஷ்டத்தில் அது நடக்க வாய்ப்பு நூற்றில் ஒன்றுதான். ஐந்து, ஆறு என்றால் காசு மிச்சம்.

பி.காம். முதல் வருஷத்தில் குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி என்று ஒன்று படித்தோம். முதல் இட்லியின் சுகம் ஆறாவதில் இல்லை. டி.ஏ.சி.யில் முதல் இட்லியிலேயே வயிறு நிறைந்துவிடுகிறது. ஹெட்போன், ஸ்பீக்கர் அப்படியில்லை. அங்கே வித்தியாசம் கண்ணைக் கட்டிவிட்டாலும் கேட்கும். பழைய கேசட்டிலிருந்து 128 கே.பி.பி.எஸ்.ஸில் இறக்கிய பாட்டை எந்த டி.ஏ.சி.யாலும் காப்பாற்ற முடியாது. ஆகவே பட்ஜெட்டில் முதல் பங்கு ஹெட்போனுக்கு, அடுத்தது நல்ல பதிவுக்கு. டி.ஏ.சி.க்கு மிச்சம் மீதி சில்லறை போதும்.