கயிறு கட்டாத ஆள்

சினிமாவில் ஒருத்தன் மாடியிலிருந்து குதிக்கும்போது நீங்கள் எங்கே பார்ப்பீர்கள்? நான் இடுப்பைப் பார்ப்பேன். கெட்ட பழக்கம்தான். கயிறு கட்டி இறக்கப்படுகிற ஆளுக்கு இடுப்புதான் முதலில் வரும், கையும் காலும் பொம்மலாட்டம் மாதிரி பின்னாலேயே வரும். கயிற்றைக் கம்ப்யூட்டரில் அழித்துவிடலாம். ஆனால், அந்த உடம்பு தொலைத்த கனத்தை எந்தக் கம்ப்யூட்டராலும் திருப்பிக் கொடுக்க முடியாது.

இந்தச் சந்தேகப் புத்தியோடுதான் 2003-ல் வந்த 'ஓங் பாக்' என்ற தாய்லாந்துப் படத்தை ஒரு வாடகை டிவிடியில் பார்க்க உட்கார்ந்தேன். கயிறு இல்லை, கிராஃபிக்ஸ் இல்லை, டூப் இல்லை என்று விளம்பரம் செய்திருந்தார்கள். எல்லாரும் சொல்கிறதுதானே என்று நினைத்தேன். அரை மணி கழித்துப் பார்த்தால், இடுப்பை மறந்துவிட்டு வாயைப் பிளந்துகொண்டிருக்கிறேன்.

கதை ரொம்பச் சின்னது. கிராமத்துக் கோயில் புத்தர் சிலையின் தலையை ஒருத்தன் அறுத்துக்கொண்டு பாங்காக் போய்விடுகிறான். அதை மீட்க டிங் என்ற பையன் கிளம்புகிறான். போஸ்ட் கார்டில் எழுதினால் நலம் விசாரிக்கக்கூட இடம் மிச்சமிருக்கும். டிங்காக வருகிறவர் டோனி ஜா. யானைகளுக்குப் பேர்போன சுரின் மாகாணத்துக்காரர். அவர் பையனாக இருந்தபோது பன்னா ரிட்டிக்ரை என்பவர் எடுத்த ஒரு சின்ன பட்ஜெட் சண்டைப் படத்தைப் பார்த்துவிட்டு, அவரையே தேடிப் போய்ச் சிஷ்யனாகச் சேர்ந்தார். பன்னா, வடகிழக்குத் தாய்லாந்தின் ஈசான் பகுதியில் பையன்களைச் சேர்த்துக்கொண்டு குதிக்கவும் விழவும் கற்றுக்கொடுத்தவர். காசு கிடையாது, உடம்பு உண்டு. அவ்வளவுதான் அவருடைய மூலதனம். 'ஓங் பாக்' படத்தை இயக்கியவர் ப்ராச்யா பின்கேவ் என்றாலும், படத்தின் எலும்பு பன்னாவுடையது.

பாங்காக் சந்து ஒன்றில் டிங்கை ஒரு கும்பல் துரத்துகிறது. அவன் சண்டை போடவில்லை, ஓடுகிறான். முள்கம்பி வளையத்துக்குள் பாய்கிறான். இரண்டு பேர் எதிரெதிரே தூக்கிவரும் கண்ணாடிகளுக்கு நடுவில் உடம்பை ஒடுக்கிக்கொண்டு போகிறான். காலை இரு பக்கமும் விரித்து ஒரு காருக்கு அடியில் வழுக்கிக்கொண்டு போகிறான். கூட வரும் குண்டு நண்பன், துரத்துகிறவர்களைக் கத்தி காட்டி மிரட்டும்போது, சரியாக அந்த நேரம் பார்த்து ஒரு அம்மாள் கத்தி விற்றுக்கொண்டு வருகிறாள்!

முக்கியமான சாகசம் முடிந்ததும் படம் ஒரு விநாடி நின்று, அதையே இன்னொரு கோணத்தில் மறுபடி காட்டுகிறது. சில சமயம் மூன்றாவது தடவையும். வேறு எந்தப் படத்தில் இப்படிச் செய்தாலும் எரிச்சல் வரும். இங்கே வரவில்லை. மேஜிக் செய்கிறவர் கையை முன்னும் பின்னும் திருப்பிக் காட்டுவாரே, அந்த மாதிரி 'பார்த்துக்கோங்க சார், ஒண்ணும் இல்லை' என்கிறது படம். கதை சொல்ல அல்ல, சாட்சி சொல்ல வைத்த ரீப்ளே அது.

அடியிலும் இதே நேர்மை இருக்கிறது. சாதாரணச் சினிமாக் குத்து முகத்துக்கு அரையடி தள்ளித்தான் போகும். கேமராவைச் சரியான மூலையில் வைத்து அந்த இடைவெளியை ஒளித்துவிடுவார்கள். தாய்லாந்தின் முய் தாய் சண்டையில் முஷ்டி, முழங்கை, முழங்கால், கணுக்காலுக்கு மேல் எலும்பு என்று எட்டு ஆயுதம். முழங்கையால் இடிக்க வேண்டுமென்றால் எதிராளி மேலேயே ஏறித்தான் ஆக வேண்டும். ஒளிப்பதற்கு இடைவெளி ஏது? அடி வாங்கும் ஸ்டன்ட் பையனுக்கு உடைக்குள் கொஞ்சம் பஞ்சு, மிச்சத்துக்குப் பொறுமை.

2005-ல் வந்த 'டாம் யம் கூங்'கில் (இறால் போட்ட புளிப்புக் கார சூப்பின் பெயர்; வில்லன் கோஷ்டியின் ஹோட்டலுக்கும் அதே பெயர்) திருடுபோன யானைகளைத் தேடி டோனி ஜா சிட்னி போகிறார். ஹோட்டலின் வளைந்த மாடிப்படியில் தளம் தளமாக ஏறிக்கொண்டே அடிக்கிறார். ஏறத்தாழ 4 நிமிஷம், நடுவில் ஒரு வெட்டுகூட இல்லை. மேல்தளம் வரும்போது அவருக்கு மூச்சு வாங்குகிறது. நான் ரசித்தது அந்த மூச்சைத்தான். எத்தனை ஹீரோக்கள் நூறு பேரை அடித்துவிட்டுத் தலைகூடக் கலையாமல் நின்றிருக்கிறார்கள்!

எனக்கு உறுத்த ஆரம்பித்தது இதற்கப்புறம். 2008-ல் அதே ப்ராச்யா 'சாக்லேட்' எடுத்தார். ஆட்டிசம் உள்ள பெண்ணாக ஜீஜா யானின். டிவியில் சண்டைப் படங்களைப் பார்த்தே சண்டை கற்றுக்கொள்கிறாள். அபாரமான பெண், அதில் ரெண்டாவது பேச்சே கிடையாது. கடைசிச் சண்டை ஒரு கட்டடத்தின் வெளிப்புறச் சுவரில், விளிம்புகளில் தொற்றிக்கொண்டு நடக்கிறது. ஆட்கள் மாடியிலிருந்து பொத்துப் பொத்தென்று விழுகிறார்கள். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது, அப்படி விழுந்தவர்களுக்கு நிஜமாக என்ன ஆயிற்று என்று காட்டுகிறார்கள். ரத்தம், கட்டு, ஆஸ்பத்திரி. பன்னா 2004-ல் இயக்கிய 'பார்ன் டு ஃபைட்' படத்திலும் இதே சமாசாரம் உண்டு. ஜாக்கி சான் பிரபலமாக்கிய வழக்கம்தான். ஆனால், ஜாக்கி படத்தில் அடிபட்டவர் பெரும்பாலும் ஜாக்கியே, பட முதலாளி மாதிரி. இங்கே அடிபடுகிறவன் பெயர் உங்களுக்கும் எனக்கும் தெரியாது.

'ஓங் பாக்' ரீப்ளே கேட்டது, 'எப்படிச் செய்தான், பார்த்தாயா?' 'சாக்லேட்'டின் கடைசி ரீல் கேட்பது, 'எவ்வளவு வலித்தது, பார்த்தாயா?' இரண்டும் ஒன்றில்லை. முன்னது வித்தைக்கு அத்தாட்சி. பின்னது காயத்துக்கு அத்தாட்சி. ஒழுங்காக விழத் தெரிந்தவன் எழுந்து போய் டீ குடிப்பான். அவன் எழுந்திருக்காததைப் படத்துக்குப் பெருமையாகக் காட்டினால், அங்கே வித்தை தோற்றிருக்கிறது என்றுதானே அர்த்தம்?

டோனி ஜாவும் களைத்துப்போனார். 'ஓங் பாக் 2' படத்தை அவரே இயக்க ஆரம்பித்து, 2008-ல் படப்பிடிப்பை விட்டுக் கொஞ்ச நாள் காணாமலே போய்விட்டார். குரு பன்னா வந்துதான் படத்தை முடித்தார். 2010-ல் சிஷ்யர் புத்த பிக்குவாகி, பிறகு திரும்பி வந்தார். 2014-ல் பன்னா காலமானார். 2015-ல் 'ஃப்யூரியஸ் 7'-ல் ஹாலிவுட் டோனி ஜாவைப் பெரிய திரைக்குக் கொண்டுபோனது. கொண்டுபோய் என்ன? கால் தூக்குவது ஒரு ஷாட், படுவது இன்னொரு ஷாட் என்று கொத்துக்கறி போட்டுவிட்டார்கள். முழுசாகக் காட்டுவதற்கென்றே பிறந்த உடம்பை இப்படி நறுக்க எப்படித்தான் மனசு வந்ததோ.

'ஓங் பாக்' கிடைத்தால் அந்தச் சந்துக் காட்சியை மட்டுமாவது பாருங்கள். 'சாக்லேட்' பார்க்கிறவர்கள், பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் நிறுத்திவிடலாம். நான் மூன்று தடவை பார்த்தேன். மூன்று தடவையும் நிறுத்தவில்லை.