பழைய மடிக்கணினியில் லினக்ஸ் மின்ட்: நிறுவலும் அதன் இடர்களும்

மைக்ரோசொஃப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை நிறுத்தியபோது, பழுது எதுவுமின்றி இயங்கிக்கொண்டிருந்த ஏராளமான வீட்டுக் கணினிகள் காலாவதியானவையாகக் கருதப்படும் நிலைக்கு வந்தன. அவற்றை விண்டோஸ் 11 க்கு மாற்றலாம் என்றால், அது டி.பி.எம். 2.0 எனப்படும் பாதுகாப்புச் சில்லையும், இன்டெல் செயலியாயின் பொதுவாக எட்டாம் தலைமுறையையோ அதற்குப் பிந்தியதையோ கோருகிறது. இலங்கையில் 2022 இல் ஒரு டொலரின் விலை சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறிய பின்னர், கொழும்பின் ஜிந்துப்பிட்டியிலோ கொட்டாஞ்சேனையிலோ வாழும் நடுத்தரக் குடும்பம் ஒன்று பிள்ளையின் படிப்புக்காகப் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் புதிய மடிக்கணினி வாங்குவது எளிதான தீர்மானமாக இல்லை. ஆகவே, கையிலுள்ள பழைய கணினியைத் திறந்த மூல இயங்குதளம் ஒன்றினால் மேலும் சில ஆண்டுகள் பாதுகாப்பாக உழைக்கச் செய்ய முடியுமா என்பதையே இந்த விமர்சனம் ஆராய்கிறது.

திறந்த மூலம் என்பது, நிரலின் மூல வரிகளை எவரும் வாசிக்கவும் திருத்தவும் பகிரவும் இடமளிக்கும் உரிம முறையாகும். அம்முறையில் 1991 இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் கருநிரலைச் சுற்றி இன்று நூற்றுக்கணக்கான இயங்குதள வழங்கல்கள் உள்ளன. அவற்றுள் உபுண்டு 24.04 ஐ அடித்தளமாகக் கொண்டு 2025 செப்டெம்பரில் வெளிவந்த லினக்ஸ் மின்ட் 22.2, விண்டோஸ் பழகியவர்களுக்கு அந்நியமாகத் தோன்றாத முகப்பைக் கொண்டிருப்பதாலும், 2029 வரை பாதுகாப்பு இற்றைப்படுத்தல்களைப் பெறவிருப்பதாலும், இச்சோதனைக்குத் தெரிவுசெய்யப்பட்டது. சோதிக்கப்பட்ட கணினி, விண்டோஸ் 11 ஏற்க மறுக்கும் ஏழாம் தலைமுறை கோர் ஐ5 செயலியும் 8 ஜிகாபைட் நினைவகமும் கொண்ட, ஜிந்துப்பிட்டி வீடொன்றில் அன்றாடப் பாவனையில் உள்ள மடிக்கணினியாகும்.

நிறுவலுக்கு முன்

ஏறத்தாழ 3 ஜிகாபைட் அளவுள்ள நிறுவல் கோப்பைத் தரவிறக்கிப் பென் டிரைவில் வெறுமனே நகலெடுத்தால் கணினி அதிலிருந்து தொடங்காது; ரூஃபஸ் அல்லது பலேனா எச்சர் போன்ற கருவியால் அதைத் தொடக்க வட்டாக எழுத வேண்டும். அவ்வாறு எழுதும்போது பென் டிரைவில் முன்பிருந்தவை யாவும் அழியும். பின்னர் கணினியை இயக்கியவுடன் எஃப் 12 அல்லது எஃப் 9 போன்ற, தயாரிப்பாளருக்கேற்ப மாறுபடும் விசையை அழுத்தித் தொடக்கப் பட்டியலைப் பெற வேண்டும். இந்த முதற்கட்டத்திலேயே எதிர்கொள்ளக்கூடிய மிகக் கடுமையான ஆபத்து, விண்டோஸ் வட்டு பிட்லொக்கர் முறையில் மறையாக்கம் செய்யப்பட்டிருப்பதாகும். தொடக்க அமைப்புகளில் மாற்றம் ஏற்பட்டதைக் கண்ட விண்டோஸ், அடுத்த முறை 48 இலக்க மீட்புக் குறியைக் கேட்கக்கூடும் என்பதால், அக்குறியை முன்கூட்டியே தாளில் எழுதி வைக்காதவர் தமது கோப்புகளையே இழக்க நேரலாம்.

மின்டின் பெருஞ்சிறப்பு, எதையும் நிறுவாமலேயே பென் டிரைவிலிருந்து முழு இயங்குதளத்தையும் இயக்கிப் பார்க்க உதவும் நேரடி முறையாகும். இம்முறையில் வை-ஃபை, ஒலி, கமரா, திரையின் ஒளியளவு, பிரிண்டர் ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்தால், பின்னர் எழக்கூடிய தொல்லைகளுள் பெரும்பாலானவை வன்தட்டைத் தொடுவதற்கு முன்பே வெளிப்பட்டுவிடும்.

இடர்கள் எழும் இடங்கள்

சில மடிக்கணினிகளில், நேரடி முறை நன்றாக இயங்கினாலும், நிறுவியின் பட்டியலில் வட்டு தோன்றுவதில்லை. சேமிப்பகம் இன்டெல் ஆர்.எஸ்.டி. எனப்படும் முறையில் அமைக்கப்பட்டிருப்பதே இதற்குப் பெரும்பாலும் காரணம். பயோஸ் எனப்படும் தொடக்க அமைப்புத் திரையில் அதை ஏ.எச்.சி.ஐ. முறைக்கு மாற்றினால் வட்டு தெரியும். ஆயினும் விண்டோஸை முதலில் பாதுகாப்பு முறையில் தொடங்குமாறு அமைக்காமல் மாற்றினால், விண்டோஸ் தொடங்க மறுக்கும். இரண்டு இயங்குதளங்களையும் அருகருகே வைத்திருக்க விரும்புவோர், விண்டோஸின் விரைவுத் தொடக்க வசதியையும் நிறுத்தியாக வேண்டும். இல்லாவிடின் விண்டோஸ் பகுதி அரைத்தூக்க நிலையிலேயே விடப்படுவதால், லினக்ஸிலிருந்து அதிலுள்ள கோப்புகளை வாசிக்க முடியுமே தவிர எழுத முடியாது.

சோதனையின்போது அதிகக் குழப்பம் தந்தது பாதுகாப்பான தொடக்கம் எனப்படும் ஏற்பாடாகும். கையொப்பமிடப்பட்ட நிரல்கள் மட்டுமே கணினியைத் தொடக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். நிறுவலின் நடுவே பல்லூடகக் குறிவிலக்கிகளைச் சேர்க்கும் பெட்டியைத் தெரிவுசெய்தவுடன், நிறுவி ஒரு கடவுச்சொல்லைக் கேட்டது; கணினி மறுபடி தொடங்கியபோது நீலத் திரையொன்று தோன்றி, புதிய திறவியைப் பதிவுசெய்வதற்காக அதே கடவுச்சொல்லை மீண்டும் கேட்டது. அத்திரை சில நொடிகளே காத்திருக்கிறது. அதைப் பழுதென்று எண்ணிக் கடந்து செல்பவருக்கு, வெளியார் இயக்கி தேவைப்படும் வை-ஃபை அட்டையோ வரைகலை அட்டையோ செயற்படாமற் போகலாம். 2024 ஓகஸ்ட் மாதத்து விண்டோஸ் இற்றைப்படுத்தல் ஒன்று, இரட்டைத் தொடக்கக் கணினிகள் பலவற்றில் லினக்ஸைத் தொடங்க விடாமல் தடுத்ததும் இதே ஏற்பாட்டின் வழியாகத்தான்.

வை-ஃபை கிடைக்காத நிலையில், அன்ட்ராய்டு கைபேசியை யூ.எஸ்.பி. வடத்தால் இணைத்து அதன் டேட்டாவைப் பகிர்வது எளிய தீர்வாகும். அவ்வாறு இணையம் கிடைத்ததும், மின்டின் இயக்கி மேலாளர் தேவையான இயக்கியைத் தானே இனங்கண்டு நிறுவ உதவுகிறது. இரட்டைத் தொடக்கத்தில் கடிகாரமும் பிழைபடும்: லினக்ஸ் வன்பொருட் கடிகாரத்தை உலகப் பொதுநேரத்திலும் விண்டோஸ் உள்ளூர் நேரத்திலும் வைத்திருப்பதால், இலங்கையில் விண்டோஸ் சரியாக ஐந்தரை மணித்தியாலம் பின்தங்கிக் காட்டும். உள்ளூர் நேரத்தையே பின்பற்றுமாறு லினக்ஸுக்கு ஒரு கட்டளை வழங்கினால் இப்பிழை நீங்கும். மின்கலம் தளர்ந்த பழைய மடிக்கணினிகளைப் பொறுத்தவரை, வட்டைப் பகுதி பிரிக்கும் வேளையில் மின்சாரம் நின்றால் இரு இயங்குதளங்களும் பாதிக்கப்படலாம் என்பதால், கோப்புகளின் பிரதியை வெளி வட்டொன்றில் எடுத்து வைப்பது தவிர்க்கக்கூடாத முன்னேற்பாடாகும்.

தமிழும் அச்சும்

தமிழ் எழுத்துருக்கள் எவ்விதத் தலையீடுமின்றிச் செம்மையாகத் தெரிகின்றன. உள்ளீடு அவ்வாறு இல்லை. விசைப்பலகைப் பட்டியலில் இலங்கைக்குரிய தமிழ்நெட் 99 அமைப்பு காணப்பட்டாலும், அது விசைக்கொரு எழுத்தை மட்டுமே இடுவதால், மெய்யெழுத்து இரட்டிக்கும்போது புள்ளியைத் தானாக இடும் தமிழ் 99 முறையின் இயல்பு அதில் இல்லை. அந்த இயல்பைப் பெற ஐபஸ் என்னும் உள்ளீட்டு மென்பொருளையும் அதற்குரிய எம்17என் தொகுதியையும் சேர்க்க வேண்டும். இலங்கையில் வழங்கும் ரெங்கநாதன் அமைப்பும் அதே தொகுதியில் கிடைக்கிறது. இவை எல்லாம் இருந்தும், தமிழைத் தெரிவுசெய்து நிறுவுபவருக்கு இவற்றுள் ஒன்றேனும் இயல்பாகவே தயாராக இல்லை என்பது வருந்தத்தக்க குறையாகும்.

பாமினி எழுத்துருவில் அமைந்த பழைய ஆவணங்கள் மற்றொரு சிக்கலை எழுப்புகின்றன. யுனிகோட் பரவுவதற்கு முன்னர் இலங்கைத் தமிழர் பாடக்குறிப்புகளையும் சங்க அறிக்கைகளையும் அழைப்பிதழ்களையும் பெருமளவில் தட்டச்சிட்ட இவ்வெழுத்துரு, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருப்பதால், அது இல்லாத கணினியில் ‘தமிழ்’ என்னும் சொல் ஜே, கே, பீ, ஓ, அரைப்புள்ளி என்ற வரிசையாகவே தெரியும். பாமினி எழுத்துருக் கோப்பை எழுத்துருக்களுக்கான கோப்புறையில் இட்டால் லிப்ரே ஒஃபிஸில் ஆவணம் வாசிக்கத்தக்கதாகிறது. ஆனால் அதில் ஒரு சொல்லை யுனிகோட் தமிழில் தட்டச்சிட்டுத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டுமாயின், முழு ஆவணத்தையும் யுனிகோடுக்கு மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

பிரிண்டர்களைப் பொறுத்தவரை அனுபவம் வகைக்கேற்ப மாறுபடுகிறது. எச்.பி. சாதனங்கள் பலவற்றுக்குத் திறந்த மூல இயக்கி உடனிருக்கிறது. சிறு அலுவலகங்களில் காணப்படும் கெனொன் எல்.பி.பி. 2900 போன்றவை தமக்கே உரிய அச்சு மொழியை எதிர்பார்ப்பதால் கூடுதல் உழைப்பைக் கோருகின்றன.

தீர்ப்பு

இணையம், பாடப் பயிற்சி, காணொளி, கடிதம், வெளிநாட்டிலுள்ள உறவினருடன் உரையாடல் ஆகியவையே தேவைகளாக உள்ள வீட்டுக்கு லினக்ஸ் மின்ட் தயக்கமின்றிப் பரிந்துரைக்கத்தக்கது; சோதிக்கப்பட்ட கணினி அதில் விரைவாகவும் அமைதியாகவும் இயங்குகிறது. ஃபொட்டோஷொப், கோரல்ட்ரோ ஆகியவற்றில் பிழைப்பு நடத்தும் வடிவமைப்பாளரும், விண்டோஸுக்கென எழுதப்பட்ட கணக்கு மென்பொருளை நம்பியிருக்கும் வணிகரும் முழுமையாக மாறுவது உகந்ததன்று. நிறுவலில் எழும் இடர்களுள் பெரும்பாலானவை அறியப்பட்ட தீர்வுகளைக் கொண்டவையே. அத்தீர்வுகள் தமிழில், தேவைப்படும் வேளையில், வாசகரின் கைக்கு எட்டாததே உண்மையான தடை. 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர் நிவாரணப் பணிகளுக்காகச் சகானா என்னும் திறந்த மூல மென்பொருளை உருவாக்கி உலகுக்கு அளித்த நாட்டில், தமிழ் உள்ளீட்டைத் தொடக்கத்திலேயே தயாராக வைத்திருக்கும் நிறுவல் வட்டொன்றும் படங்களுடன் கூடிய தமிழ்க் கையேடொன்றும் ஆக்க முடியாதவை அல்ல. பாடசாலைக் கணினிக் கழகம் ஒன்று முன்வந்து அவற்றைச் செய்யுமானால், தூக்கி எறியப்படவிருக்கும் கணினிகள் பல மாணவரின் மேசைகளில் மீண்டும் பயன்படத் தொடங்கும்.