கதையும் கவிதையும் ஆக்கும் மென்பொருள்கள்: நான்கு வகைகள்

கதை, கவிதை போன்ற படைப்புகளை ஆக்கும் மென்பொருள்களை அவை இயங்கும் முறையைக் கொண்டு நான்காகப் பிரிக்கலாம்: வார்ப்புரு வகை, புள்ளியியல் வகை, கதைத்திட்ட வகை, நரம்பு வலையமைப்பு வகை. எழுத்தாளரின் வேலையில் எந்தப் பகுதியை இயந்திரம் ஏற்கிறது என்பதே இவற்றுக்கிடையிலான முக்கிய வேறுபாடு.

முதலாவது வார்ப்புரு வகை. வாக்கியத்தின் சட்டகத்தை மனிதர் அமைத்துவிடுவார். வெற்றிடங்களில் சொற்களைக் குலுக்கல் முறையில் இட்டு நிரப்புவது மட்டுமே கணினியின் வேலை. 1952இல் கிறிஸ்டோபர் ஸ்ட்ராச்சி மான்செஸ்டர் பல்கலைக்கழகக் கணினியைக் கொண்டு இம்முறையில் காதல் கடிதங்களை உருவாக்கினார். 1959இல் ஜெர்மனியின் தியோ லூட்ஸ், காஃப்காவின் ‘கோட்டை’ நாவலிலிருந்து எடுத்த சொற்களைக் கொண்டு கவிதை வரிகளை ஆக்கினார். இவ்வகையில் இலக்கணப் பிழை அரிது. ஆனால் சில பக்கங்களிலேயே அச்சு தெரிந்துவிடும்.

புள்ளியியல் வகைக்குச் சட்டகம் தேவையில்லை. ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்பதை மூலப் பிரதியிலிருந்து எண்ணி, அந்த விகிதப்படி அடுத்த சொல்லைத் தேர்கிறது. ரஷ்யக் கணிதவியலாளர் மார்க்கோவ் 1913இல் புஷ்கினின் ‘யெவ்கேனி ஒனேகின்’ காவியத்தின் 20,000 எழுத்துகளை ஆராய்ந்து இதற்கு அடித்தளம் இட்டார். 1948இல் கிளாட் ஷானன் இதே வழியில் ஆங்கிலம் போலத் தோன்றும் தொடர்களை ஆக்கிக் காட்டினார். சில சொற்கள்வரை பொருள் பொருந்திவரும். வாக்கியம் நீளும்போது சிதறிவிடும்.

கதைத்திட்ட வகை சொல்லிலிருந்து அல்லாமல் நிகழ்விலிருந்து தொடங்குகிறது. ஜேம்ஸ் மீகன் யேல் பல்கலைக்கழகத்தில் 1976இல் முடித்த ‘டேல்-ஸ்பின்’ திட்டத்தில், ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு தேவை தரப்படும்; அதை அடையும் வழியைக் கணினி தேடும்; அந்தத் தேடலே கதையாகும். காரண காரியத் தொடர்ச்சி இதன் பலம். உலக அறிவு முழுவதையும் விதிகளாக எழுதித் தர வேண்டியிருப்பது இதன் சுமை. ஒரு சோதனையில், பாத்திரத்தை ஆற்றில் விழச் செய்த ஈர்ப்பு விசையையும் நிரல் ஒரு பாத்திரமாகவே கருதியது. அதுவும் ஆற்றில் இருப்பதாகக் கொண்டது. கரையேறக் கால்களோ கரையேற்ற நண்பர்களோ அதற்கு இல்லாததால், ஈர்ப்பு விசையே மூழ்கிப்போனதாகக் கதை முடிந்தது.

இன்று பெருவழக்காக உள்ளது, ஏராளமான பிரதிகளில் பயின்று அடுத்த சொல்லைக் கணிக்கும் நரம்பு வலையமைப்பு வகை. 2017இல் அறிமுகமான ‘டிரான்ஸ்ஃபார்மர்’ கட்டமைப்பு, தொலைவிலுள்ள சொற்களுக்கிடையிலான உறவையும் கணக்கில் கொண்டது. 2019இல் வந்த ஜிபிடி-2 மொழி மாதிரியில் 150 கோடி அளவுருக்களும், 2020இல் வந்த ஜிபிடி-3இல் 17,500 கோடி அளவுருக்களும் இருந்தன. இத்தகைய மொழி மாதிரிகளின்மேல் எழுந்த கருவிகள் பலதரம்: ‘ஏஐ டன்ஜன்’ வாசகரின் கட்டளைக்கேற்பக் கதையை வளர்க்கும் விளையாட்டு; ‘சுடோரைட்’ நாவலாசிரியரின் வரைவைத் தொடர்ந்து எழுதித் தரும் துணை; ‘சாட்ஜிபிடி’ உரையாடல் வழியே எதையும் எழுதும் பொதுக் கருவி. நடைச் சரளம் இவற்றின் பலம். நெடுங்கதையில் முன் சொன்னதை மறப்பது, பழகிய உவமைகளையே நாடுவது, எல்லாச் சிக்கலையும் சுமுகமாக முடிப்பது ஆகியவை இவற்றின் குறைகள்.

தமிழிலும் இத்துறையில் முயற்சிகள் உண்டு. சென்னை ஏயூ-கேபிசி ஆய்வு மையத்தினர் 2009இல், மெட்டுக்குரிய குறில், நெடில், மெய் அமைப்பைக் கண்டறிந்து அதற்கேற்பப் பாடல் வரி ஆக்கும் முறையை வெளியிட்டனர். ‘அவலோகிதம்’ என்னும் மென்பொருள் செய்யுளின் சீரையும் தளையையும் பகுத்துக் காட்டுகிறது. மொழி மாதிரிகளோ பிரதியை எழுத்தெழுத்தாகவோ அசையசையாகவோ அல்லாமல் துண்டுகளாகக் கையாள்பவை. எனவே வெண்பா கேட்டால் எளிதில் தளை தட்டுகின்றன. யாப்புக்கு விதிவழி மென்பொருளும் சொல்வளத்துக்கு மொழி மாதிரியும் இணைவதே இங்குப் பொருத்தமான வழி.

இலக்கிய உலகின் எதிர்வினை இருவிதமாக உள்ளது. இயந்திரப் படைப்புகள் குவிந்ததால் அமெரிக்க அறிவியல் புனைவு இதழான ‘கிளார்க்ஸ்வேர்ல்ட்’ 2023 பிப்ரவரியில் படைப்புகள் ஏற்பதைத் தற்காலிகமாக நிறுத்தியது. 2024 ஜனவரியில் ஜப்பானின் அகுதகாவா விருது பெற்ற ரியே குதான், தம் நாவலின் சிறு பகுதிக்குச் சாட்ஜிபிடியைப் பயன்படுத்தியதை வெளிப்படையாகச் சொன்னார். நான்கு வகைகளிலும் சொல்லோ நிகழ்வோ இயந்திரத்திலிருந்து வரலாம். எதை வைத்துக்கொள்வது, எதை நீக்குவது என்ற தேர்வும் அதற்கான பொறுப்பும் எழுத்தாளருடையவை.